பித்தப்பை லேப்ராஸ்கோப்பிக்குப் பின் வயிற்றுத் துளைகள்: இடத் தேர்வும் காயம் ஆறுதலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்துகொண்டவர்களும், அதற்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர்களும் ஓ.பி.யில் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். கல் ஏன் வந்தது, பித்தப்பை இல்லாமல் செரிமானம் எப்படி நடக்கும் என்பவற்றுக்கு இங்கே பதில் இராது. வயிற்றில் போடப்படும் துளைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். "சின்ன ஓட்டைதானே" என்று நோயாளியும் வீட்டாரும் சொல்கிற அந்த ஓட்டைக்கு இரண்டு தளங்கள் உண்டு. வெளியே தெரியும் தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வயிற்றுச் சுவரைத் தாங்கி நிற்கும் தசையுறை ஆற மாதங்கள் பிடிக்கும். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல், தோலைப் பார்த்துவிட்டுத் தசையுறையும் ஆறிவிட்டது என்று முடிவுகட்டுவதால் வருபவை.

பித்தப்பையை எடுக்க எத்தனை துளைகள், எங்கெங்கே போடுவார்கள்?

வழக்கமாக நான்கு. தொப்புளில் 10 மி.மீ. அளவில் ஒன்று, கேமரா அதன் வழியே போகும். மார்பெலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேல்வயிற்றில் ஒன்று. பிரித்தெடுக்கும் கருவியும் கிளிப் போடும் கருவியும் இதில் நுழைவதால் 10 மி.மீ. வைப்பவர்கள் உண்டு, 5 மி.மீ. போதும் என்பவர்களும் உண்டு. வலப்பக்க விலா விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. அளவில் இரண்டு, பித்தப்பையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவதற்கு இவை.

பித்தப்பைக்கு நேர் மேலேயே எல்லாத் துளைகளையும் போட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். நீளமான கருவிக்கு நுழைவிடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும்; துளைகள் நெருங்கியிருந்தால் உள்ளே கைப்பிடிகளும் முனைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், கேமரா கருவியின் முதுகை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றியதும் வயிறு பலூன் போல உப்பி, தோலில் முன்பு குறித்துவைத்த புள்ளிகள் விலகிப்போகும். ஆகவே தொப்புள் துளை தவிர மற்ற மூன்றின் இடத்தை, வாயு ஏற்றி, கேமராவால் உள்ளே பார்த்த பிறகே முடிவு செய்கிறோம். இருவருக்கு ஒரே அறுவை சிகிச்சை நடந்தும் தழும்புகள் அதே இடங்களில் இல்லாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

முதல் துளைக்கு ஏன் தொப்புளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அது அழுக்கான இடம் அல்லவா?

வயிற்றுச் சுவர் மிகவும் மெல்லியதாக இருக்கும் இடம் தொப்புள்தான். மற்ற இடங்களில் தோல், கொழுப்பு, தசை, தசையுறை, வயிற்று உள்ளுறை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. தொப்புளின் அடியிலோ தோலும் தசையுறையும் உள்ளுறையும் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. உடல் எவ்வளவு பருத்திருந்தாலும் அந்தக் குழியின் அடித்தளத்தில் கொழுப்பு அதிகம் சேர்வதில்லை. தசையை அறுக்க வேண்டியதில்லை, இரத்தக் கசிவும் குறைவு, தழும்பும் குழியின் மடிப்புக்குள் மறைந்துபோகும். வயிற்றின் நடுவில் இருப்பதால் நாலாபக்கமும் பார்க்கவும் முடிகிறது.

வாயுவை ஏற்ற இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ஹங்கேரிய மருத்துவர் யானோஸ் வெரஸ் 1938இல் வெளியிட்ட ஸ்பிரிங் ஊசி. காசநோயாளிகளின் நெஞ்சுக்கூட்டில் காற்றை ஏற்றுவதற்காக அவர் உருவாக்கிய அந்த ஊசி, வயிற்றுக்கு வந்து நிலைத்துவிட்டது. கூரான வெளிக்குழல் திசுவைத் துளைத்ததும், எதிர்ப்பு இல்லாத வெற்றிடத்தை அடைந்த கணத்தில் மழுங்கிய உள்முனை முன்னே வந்து உறுப்புகளைக் காக்கும். அந்தச் சின்ன "டக்" ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பழக்கம். மற்றது, ஹேசன் என்ற மருத்துவர் 1971இல் விவரித்த திறந்த முறை. தோலையும் தசையுறையையும் கண்ணால் பார்த்தபடியே சிறிதாகத் திறந்து, மழுங்கிய குழலை உள்ளே விடுவது. தொப்புளுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உடலின் பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. மெலிந்தவர்களில் தோலுக்கும் அந்தத் தமனிக்கும் இடைவெளி சில செ.மீ. மட்டுமே. ஆகவே முதல் துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மொத்த அறுவை சிகிச்சையில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலைகளில் அது ஒன்று.

அழுக்கைப் பற்றிக் கேட்டது நியாயம். நம் ஊரில் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது, குளித்தபின் பவுடர் போடுவது ஆகிய பழக்கங்கள் பரவலாக உண்டு. எண்ணெயும் பவுடரும் உதிர்ந்த தோலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கறுப்பாக, கல்லைப் போல இறுகி அடியில் ஒட்டியிருப்பதை அறுவை அரங்கில் அடிக்கடி பார்க்கிறோம். அதைக் கடைசி நிமிடத்தில் சுரண்டி எடுத்தால் தோல் புண்ணாகி, கீறல் போடும் முன்பே கிருமிகளுக்கு வாசல் திறந்ததாகிவிடும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, குளிக்கும்போது சோப்பு நீரில் நனைத்த பஞ்சுத் துணியால் குழியை மெதுவாகத் துடைத்துச் சுத்தம் செய்து வாருங்கள். எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். முடியைப் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் விழும். தேவைப்பட்டால் கிளிப்பரால் மருத்துவமனையிலேயே நறுக்கிக்கொள்வார்கள்.

யாருக்குத் தொப்புளில் துளை போட மாட்டார்கள்?

ஏற்கெனவே நடுவயிற்றில் நீளமான அறுவைத் தழும்பு உள்ளவர்களுக்கு, அதன் அடியில் குடல் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கு இடப்பக்க விலா விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே, காறையெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் முதல் நுழைவைச் செய்யலாம். பிரெஞ்சு மருத்துவர் பால்மரின் பெயரால் அதைப் பால்மர் புள்ளி என்கிறோம். அங்கே ஒட்டுதல்கள் அரிதாகவே இருக்கும். ஆனால் மண்ணீரல் வீங்கியிருந்தாலோ, முன்பு இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ அந்த இடமும் பாதுகாப்பானதன்று. கல்லீரல் சுருக்க நோயால் தொப்புளைச் சுற்றி இரத்த நாளங்கள் புடைத்தவர்களுக்கும், கர்ப்பத்தின் பிற்பாதியில் கருப்பை தொப்புள்வரை எழும்பியவர்களுக்கும் இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தொப்புளில் முன்பே சிறிய குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்தால்? அந்த ஓட்டையையே வாசலாக்கிக்கொண்டு, முடிக்கும்போது அதையும் தைத்துவிடுவது வழக்கம். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். படுத்த நிலையில் அது உள்ளே போய்விடுவதால் கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடும்.

ஒரே துளையில் செய்யும் முறை உண்டாமே, அது மேலானதா?

தழும்பைப் பொறுத்தவரை மேலானது. எல்லாம் தொப்புளுக்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்று கருவிகளும் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் அந்த வாசல் 2 செ.மீ.க்கு மேல் இருந்தாக வேண்டும். நான்கு துளைகளில் பிரிந்திருந்த வெட்டு தொப்புளின் தசையுறையில் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. பிற்காலத்தில் அங்கே குடலிறக்கம் வரும் வாய்ப்பு வழக்கமான முறையைக் காட்டிலும் கூடுதல் என்பதே ஒப்பீட்டு ஆய்வுகளின் பொதுவான போக்கு. மெலிந்த இளம் வயதினர், தழும்பு மிக முக்கியம் என்று கருதினால் கேட்டுப்பார்க்கலாம். பருத்த உடலும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரு செ.மீ. ஓட்டையில் பித்தப்பை எப்படி வெளியே வருகிறது?

பித்தம் வடிந்துவிட்டால் பித்தப்பை ஒரு வெறும் பை, ஒரு செ.மீ. வழியே சுருண்டு வந்துவிடும். தடையாக இருப்பது கல். உள்ளேயே ஒரு சிறு பையில் போட்டு, பையின் வாயை வெளியே இழுத்து, கற்களை இடுக்கியால் உடைத்து எடுத்தபின் பையோடு உருவுவோம். இதற்கென்று விற்கும் பைகள் உண்டு. கிருமி நீக்கிய கையுறையை வெட்டி, வாயில் நூல் கட்டிப் பையாக்கிக்கொள்வதும் நம் மருத்துவமனைகளில் சாதாரணம். பை எதற்கு என்றால், வீங்கிச் சீழ்பிடித்த பித்தப்பையை அப்படியே துளையில் தேய்த்து இழுக்கும்போது கிருமி நிறைந்த பித்தம் காயத்தின் ஓரமெல்லாம் பூசிக்கொள்ளும். மேலும், கல்லோடு சேர்ந்து மறைந்திருந்த புற்றுநோய் பிற்பாடு திசுப் பரிசோதனையில் தெரியவந்த நிகழ்வுகள் உண்டு. அத்தகைய பித்தப்பை பையில்லாமல் வெளியே வந்திருந்தால் துளையின் தடத்திலேயே கட்டி வளரக்கூடும்.

பெரிய கல்லுக்காகத் தொப்புள் துளையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்த நேர்ந்தால், அது எழுதிவைக்க வேண்டிய செய்தி. அந்தத் துளைக்கே பின்னாளில் அதிகக் கவனம் தேவைப்படும். சிறுநீரகம், பெருங்குடல் போன்றவற்றை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது, அவற்றை வெளியேற்றத் தனியாகவே ஒரு கீறல் தேவைப்படும். அதை நடுக்கோட்டில் போடுவதைவிட, சிசேரியனுக்குப் போடுவது போல அடிவயிற்றில் குறுக்காகப் போட்டால் குடலிறக்கம் வெகுவாகக் குறைகிறது. பானன்ஸ்டீல் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் 1900இல் விவரித்த கீறல் அது. அதில் தோலும் தசையுறையும் குறுக்காகத் திறக்கப்படுகின்றன, தசைகள் வெட்டப்படாமல் நடுவில் விலக்கப்படுகின்றன. வயிற்றின் பக்கத் தசைகள் இழுக்கும் திசையும் அந்தக் கீறலின் திசையும் ஏறத்தாழ ஒன்று. நடுக்கோட்டுக் கீறலையோ அதே தசைகள் இரு பக்கமும் பிடித்து அகட்டுகின்றன.

துளைகளில் தொடங்கிவிட்டுப் பெரிய கீறலுக்கு மாறினால் தவறு நடந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. பித்தநாளமும் தமனியும் இருக்கும் பகுதி அழற்சியால் சிமெண்டு பூசியது போல இறுகியிருந்தால், எது எந்தக் குழாய் என்று தெரியாமல் வெட்டுவதைவிட, வலப்பக்க விலாவுக்குக் கீழே சாய்வாகத் திறந்து கையால் தொட்டுப் பார்த்துச் செய்வது மேல். அறுவை மருத்துவர் எரிக் மூஹே 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கனில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையை எடுத்த நாளிலிருந்தும், மும்பையில் டாக்டர் உத்வாடியா 1990இல் இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்த நாளிலிருந்தும் கருவிகள் எவ்வளவோ முன்னேறியுள்ளன. இந்த விதி மட்டும் மாறவில்லை. இத்தகைய கீறலில் தசையே அறுபடுவதால் வலி அதிகம், ஆறும் காலமும் கூடுதல்.

துளைக் காயம் உள்ளே எப்படி ஆறுகிறது?

தையல் போட்டு விளிம்புகளைச் சேர்த்த காயத்தில், தோலின் மேற்பரப்புச் செல்கள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பாலம் கட்டி வாயை அடைத்துவிடுகின்றன. வெளியிலிருந்து நீரோ கிருமியோ எளிதில் புக முடியாத நிலை அப்போதே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பாலத்துக்கு வலு கிடையாது. முதல் சில நாட்கள் வெள்ளணுக்கள் வந்து குப்பையை அகற்றும் காலம். விளிம்பில் மெல்லிய சிவப்பும் வீக்கமும் தெரிவது இதனால்தான். ஏறக்குறைய நான்காம் நாளிலிருந்து மூன்று வாரம் வரை புதிய இரத்த நுண்குழாய்களும் கொலாஜன் நாரும் உருவாகின்றன. விரலால் தடவினால் தழும்பின் அடியில் ஒரு மேடு, பயறு அளவுக் கட்டி போலத் தட்டுப்படும். "உள்ளே ஏதோ தங்கிவிட்டது" என்று இரண்டாம் வாரத்தில் பதறிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அது ஆறுகிறது என்பதற்கான அடையாளம்.

வலுக் கணக்கு இன்னும் முக்கியமானது. பழைய வலுவோடு ஒப்பிட்டால், ஒரு வாரத்தில் காயத்துக்கு இருப்பது 100க்கு 5 பங்குகூட இல்லை. மூன்று வாரத்தில் சுமார் 20 பங்கு. மூன்று மாதத்தில்தான் 80 பங்கை நெருங்கும், அதற்கு மேல் எப்போதும் முழுமையாகத் திரும்புவதில்லை. இடைப்பட்ட நாட்களில் வயிற்றைப் பிடித்து நிற்பது உடலன்று, தையல் நூல். கரையும் நூல்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகை, மூன்று வாரத்தில் தன் வலுவில் பாதியை இழந்துவிடும். நூல் தளர்வதும் திசு வலுப்பெறுவதும் ஒன்றையொன்று கடந்துபோகும் அந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் நோயாளி "எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்று வேலைக்குக் கிளம்புகிறார்.

எல்லாத் துளைகளுக்கும் உள்தையல் போடுவார்களா?

பெரியவர்களில் 5 மி.மீ. துளைகளுக்குப் பொதுவாக வேண்டியதில்லை. குழலை உருவியதும் தசை நார்கள் தாமாக ஒன்றின் மீது ஒன்று சரிந்து மூடிக்கொள்கின்றன. 10 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட துளைகளில், சிறப்பாகத் தொப்புளிலும் நடுக்கோட்டிலும், தசையுறையைத் தனியாகத் தைப்பது நல்ல வழக்கம். மீன் தூண்டில் முள் போல வளைந்த ஊசி இதற்கென்றே உண்டு, ஏனெனில் ஒரு செ.மீ. குழியின் அடியில் சாதாரண ஊசியைத் திருப்ப இடமிராது. பருத்தவர்களில் கொழுப்புக்கு அடியில் இருக்கும் விளிம்பைத் தேடிப் பிடிப்பது உண்மையிலேயே சிரமம். ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடம் அது.

தைக்காவிட்டால், அல்லது தையல் விட்டுப்போனால், துளைவழிக் குடலிறக்கம் வரலாம். அது இரு விதமாக வரும். முதல் இரண்டு வாரத்தில் வருவது குறைவு, ஆனால் ஆபத்தானது. குடலின் சுவரில் ஒரு பகுதி மட்டும் துளையில் சிக்கிக்கொண்டால் வெளியே பெரிய வீக்கம் தெரியாது. வாந்தி, வயிற்று உப்புசம், துளையருகே குறையாத வலி ஆகியவை மட்டுமே தெரியும். "கேஸ் தொல்லை" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே வந்துவிட வேண்டும். மற்றது மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, இருமும்போது தொப்புளருகே புடைத்துப் படுத்தால் மறைவது. இதற்கு அவசரமில்லை, ஆனால் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தையல், பசை, ஸ்டேப்ளர் ஆகியவற்றில் தோலுக்கு எது நல்லது?

சிறிய துளைகளுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. தோலுக்கடியில் போடும் கரையும் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. நைலான் தையலும் ஸ்டேப்ளர் ஊசியும் 7 முதல் 10 நாளில் எடுக்கப்படும். தாமதித்தால் ஏணிப்படி போலக் குறுக்குத் தழும்பு விழும். பசை போட்டிருந்தால் 5 முதல் 10 நாளில் தானே உரிந்துவிடும். அதன் மேல் களிம்பு தடவாதீர்கள், பசை கரைந்துவிடும்.

எப்போது தலைக்குக் குளிக்கலாம்?

மேற்பரப்பு மூடுவது 48 மணி நேரத்தில் என்று சொன்னேன் அல்லவா. அதன் பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். சோப்பு நீர் மேலே வழிந்து போகட்டும், தேய்க்க வேண்டாம். தொப்புளில் தங்கும் நீரைச் சுத்தமான துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மற்ற மூன்று துளைகளும் காய்ந்த பிறகும் தொப்புள் மட்டும் ஈரமாகவே இருக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்தத் தங்கும் நீரும் வியர்வையுமே காரணம். புடவைக் கட்டும் பாவாடை நாடாவும், ஆண்களுக்கு பெல்ட்டும் லுங்கி முடிச்சும் தொப்புளின் மேலேயே அழுத்துவதும் உண்டு. இரண்டு வாரத்துக்குச் சற்று இறக்கியோ ஏற்றியோ கட்டிக்கொள்ளுங்கள். குளம், ஆறு, நீச்சல் குளம் ஆகியவற்றைத் தழும்பு முழுதும் காயும்வரை தவிருங்கள். மஞ்சள் பத்து, விபூதி, வெற்றிலைச் சாறு எதுவும் வேண்டாம்.

எவை இயல்பானவை, எவற்றுக்கு உடனே வர வேண்டும்?

முதல் இரண்டு நாளில் காயத்தின் கட்டுத் துணியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இளஞ்சிவப்புக் கறை, தொப்புளைச் சுற்றி நீலம்பாரித்துப் பின் மஞ்சளாக மாறும் கன்றல், தழும்பில் அரிப்பு ஆகியவை இயல்பு. காயமே இல்லாத வலது தோளில் வலி வருவதும் இயல்புதான். உள்ளே எஞ்சிய வாயுவும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் எரிச்சலும் காரணம். அந்தத் தசைக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு வேர்கள் என்பதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், மஞ்சள் காமாலை, துளையிலிருந்து பச்சை அல்லது மஞ்சள் நிறப் பித்தம் கசிதல் ஆகியவை இயல்பல்ல. வலியின் போக்கைப் பாருங்கள்: ஆறும் காயத்தில் நேற்றைவிட இன்று குறைந்திருக்க வேண்டும்.

நன்றாக ஆறிய துளையில் ஒரு மாதம் கழித்துச் சீழ் வருகிறதே, ஏன்?

சற்று விரிவாகவே சொல்ல வேண்டிய கேள்வி இது. பத்தாம் நாள் தையல் பிரித்து, எல்லாம் சரி என்று அனுப்பப்பட்டவர் ஐந்தாவது வாரத்தில் வருகிறார். காய்ச்சல் இல்லை, பெரிய வலி இல்லை. மேல்வயிற்றுத் துளையருகே கருஞ்சிவப்பாக ஒரு சிறு முண்டு. அழுத்தினால் நீர்த்த வெண்ணிறக் கசிவு. கைக்குட்டையில் படிந்த கறையை மடித்து எடுத்துவந்து காட்டுவார்கள். அதற்குள் இரண்டு இடங்களில் ஆன்டிபயாடிக் எழுதி வாங்கி விழுங்கி முடித்திருப்பார்கள். சாப்பிடும்போது சற்று வற்றியது, நிறுத்தியதும் மறுபடி வந்தது என்பார்கள். சாதாரண சீழ்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) "கிருமி வளரவில்லை" என்று அறிக்கை வந்திருக்கும்.

இந்த வரலாற்றைக் கேட்டதும் நினைக்க வேண்டியது காசநோய்க் கிருமியின் உறவினர்களான வேறு மைக்கோபாக்டீரியாக்களை, குறிப்பாக மைக்கோபாக்டீரியம் செலோனே, மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம் ஆகியவற்றை. இவை மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளுக்குக் கீல்களும் உறைகளும் நுண்ணிய இடுக்குகளும் உண்டு. அவற்றைக் கழற்றிக் கழுவாமல், க்ளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் அமிழ்த்தி எடுத்து அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தினால் இக்கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். முழுமையான கிருமி நீக்கத்துக்கு அந்தக் கரைசலில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். கரைசலில் போட்டு எடுத்த கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்ததெல்லாம் வீண். ஆட்டோகிளேவின் அழுத்த நீராவியைத் தாங்கும் கருவிகளை ஆட்டோகிளேவிலும், தாங்காதவற்றை எத்திலீன் ஆக்சைடு வாயு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவிலும் கிருமி நீக்குவதே தீர்வு. அறுவை சிகிச்சைக்கு முன் "கருவிகளை எப்படி ஸ்டெரிலைஸ் செய்கிறீர்கள்?" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். நோயாளியின் உணவிலோ நடத்தையிலோ இதற்குக் காரணம் தேடுவது அநியாயம். மருமகள் கத்திரிக்காய் சமைத்ததால் சீழ் வந்தது என்று மாமியார் சொல்லி, அதை மருத்துவரும் மறுக்காமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க, கசிவையோ முண்டின் சிறு துண்டையோ மைக்கோபாக்டீரியாவுக்கென்று தனியாகக் கேட்டு கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை இவற்றைக் காட்டாது. காசநோயே துளையில் வருவதும் உண்டு என்பதால் இரண்டையும் பிரித்தறியாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்குவது சரியன்று. வேகமாக வளரும் இந்த வகைகளை வழக்கமான காசநோய் மருந்துகள் பெரும்பாலும் அசைப்பதில்லை. கிளாரித்ரோமைசின், அமிகாசின் போன்றவற்றிலிருந்து கல்ச்சர் முடிவுக்கேற்ப இரண்டு மருந்துகளையாவது சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க நேரும். தடத்தையே வெட்டி எடுப்பதும் பலருக்குத் தேவைப்படும். நீண்ட சிகிச்சைதான், ஆனால் குணமாகும்.

சர்க்கரையும் புகையும் காயத்தை என்ன செய்கின்றன?

இரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் வேகம் குறைகிறது, கொலாஜன் நாரும் சரியாக உருவாவதில்லை. அறுவை சிகிச்சையைச் சுற்றியுள்ள நாட்களில் 180 மி.கி.க்கு மேல் போகாமல் வைத்திருக்க முயல்கிறோம். மாத்திரையில் இருப்பவரைச் சில நாள் இன்சுலினுக்கு மாற்றுவது அதற்காகவே. "ஊசி போட்டால் காலமெல்லாம் போட வேண்டும்" என்ற அச்சம் தேவையில்லை. பீடி, சிகரெட்டு இரத்த நுண்குழாய்களைச் சுருக்கிக் காயத்துக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கின்றன. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். புகையிருமல் தையலைத் தினமும் நூறு முறை சோதிக்கும் என்பது தனிக் கதை.

பத்தியம் உண்டா?

காயத்துக்காகப் பத்தியம் எதுவும் இல்லை. பருப்பு, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, முட்டை, மீன் ஆகியவை சீழ் பிடிக்க வைக்கும் என்று விலக்கிவிட்டு, இரண்டு வாரம் ரசம் சாதமும் பிரெட்டும் மட்டுமே தருவதால்தான் காயம் ஆறத் தாமதமாகும். கொலாஜனுக்கு மூலப்பொருள் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், இக்காலத்தில் நாளொன்றுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பருப்பு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் வேண்டும். நெல்லிக்காய், கொய்யா கிடைத்தால் வைட்டமின் சி சேரும். முதல் சில வாரம் எண்ணெயில் பொரித்ததைக் குறைக்கச் சொல்வது செரிமானத்துக்காக, காயத்துக்காக அல்ல. மலச்சிக்கலுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். முக்குவது தசையுறைத் தையலை நேரடியாக இழுக்கும்.

எப்போதிலிருந்து வேலை செய்யலாம், எடை தூக்கலாம்?

நடை முதல் நாளிலிருந்தே. மாடிப்படி, வண்டியில் பின்னால் உட்கார்ந்து செல்வது, மேசை வேலை ஆகியவை ஒரு வாரத்தில். எடைக்குத்தான் கட்டுப்பாடு: முதல் நான்கு முதல் ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. வீட்டுக் கணக்கில் சொல்வதானால், நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று 12 முதல் 15 கிலோ, நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. தண்ணீர் லாரி வந்ததும் குடத்தை இடுப்பில் ஏற்றிய ஒருவர் மறுநாள் தொப்புள் வலியோடு வந்தார். நல்ல வேளை, தையல் விடவில்லை. இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வயிற்று பெல்ட் வலிக்கு இதமாக இருந்தால் அணியலாம், குடலிறக்கத்தைத் தடுக்கும் என்று நம்பி அணிய வேண்டாம்.

தழும்பு தடித்து மேடாகிறது, என்ன செய்வது?

நம் தோல் நிறத்தவருக்குத் தடித்த தழும்பு சற்று அதிகம் வருகிறது. கீறல் எல்லைக்குள்ளேயே மேடாக இருந்தால் ஓராண்டில் பெரும்பாலும் தணியும். எல்லை தாண்டி நண்டுக்கால் போலப் பரவினால் அது கீலாய்டு, தானே அடங்காது. காயம் முழுதும் மூடியபின் சிலிக்கோன் ஜெல் அல்லது பட்டையை இரண்டு மூன்று மாதம் பயன்படுத்தலாம். பரவினால் தழும்புக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி உதவும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ முன்பே கீலாய்டு வந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

பிற்காலத்தில் வேறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இந்தத் துளைகள் தடையாகுமா?

பொதுவாக இல்லை. துளைகளின் அடியில் உண்டாகும் ஒட்டுதல்கள் நீண்ட கீறலின் அடியில் உண்டாவதைவிடக் குறைவு. அதே தொப்புள் தழும்பின் வழியாகவே மறுபடி நுழைய முடிவதும் உண்டு. சிசேரியனுக்கும் கருத்தடை அறுவைக்கும் இவை இடைஞ்சல் இல்லை. ஆனால் தொப்புள் துளை அகலப்படுத்தப்பட்டதா, அங்கே வலை வைத்துத் தைக்கப்பட்டதா, பித்தமும் கற்களும் உள்ளே சிதறினவா என்பவை அடுத்த மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் எந்த இடத்தில் முதல் ஊசியைக் குத்துவது என்று முடிவு செய்வதே இவற்றைப் பார்த்துத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே "லேப் கோலி செய்யப்பட்டது" (லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை அகற்றியதன் சுருக்கம்) என்று ஒரு வரி மட்டும் இருந்தால், வீடு திரும்பும் முன் அறுவைக் குறிப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.